ஐந்து நிறத்தில் மைண்ட் மேப் போட்டும் முதல் வரி வரவில்லை

கேள்வி: திருவட்டாறு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் ஆண்டு மலர் கொண்டுவருகிறது. அதற்கு மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஆற்றுக்கு மேலே தொட்டியில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம் அது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற பாலம், அதன் தண்ணீர் பாய்ந்த வயல் எங்கள் அப்பாவுக்கு இருந்தது, எழுதிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். மூன்று வாரமாக முதல் வரியே வரவில்லை. ஆசிரியர் பயிற்சியில் மைண்ட் மேப் (நடுவில் ஒரு கருத்து, அதிலிருந்து கிளைகளாகப் பிரியும் வரைபடம்) பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்து, ஐந்து நிற ஸ்கெட்ச் பேனாவில் ஒன்று வரைந்தேன். படம் இணைத்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் பழையபடி ஒன்றும் ஓடவில்லை. மகளோ, "ஏஐகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல மேப் போட்டுத் தருமே அம்மா" என்கிறாள். எனக்குக் கற்பனை வறண்டுவிட்டதா? இந்த முறை நிஜமாகவே உதவுமா? ஆப் ஏதாவது வேண்டுமா? உதவும் என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கலாமா?

– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

டீச்சர், நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். நடுவில் பாலத்தை நன்றாகவே வரைந்திருக்கிறீர்கள். அதிலிருந்து ஐந்து கிளைகள் போகின்றன: முன்னுரை, வரலாறு, அமைப்பு, பயன்கள், முடிவுரை. வரலாற்றின் கீழே காமராஜர், 1966. அமைப்பின் கீழே 115 அடி உயரம், 28 தூண்கள். பயன்களின் கீழே விவசாயம், சுற்றுலா. முன்னுரையும் முடிவுரையும் மொட்டையாக நிற்கின்றன.

பரீட்சைக் கட்டுரைக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுவீர்களே குறிப்புச்சட்டம், அதையே வட்டமாக வரைந்து வைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்புகளை வைத்து மாவட்டத்தில் யார் எழுதினாலும் ஒரே கட்டுரைதான் வரும். அது உங்களுக்கும் உள்ளூரத் தெரிகிறது, அதனால்தான் கை நகரவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அப்பாவின் வயல், இந்த மேப்பில் எங்குமே இல்லை.

கற்பனை வறட்சி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். பிறர் எழுத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் தொழில். எழுத்து பாதியில் நிற்பவர்களையும், தொடங்கவே முடியாமல் நிற்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். சொல்ல வேண்டியவை ஏராளமாக இருந்து எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது ஒன்று. சொல்ல வந்த விஷயம் இன்னும் போதுமான அளவு தெரியாமல் இருப்பது இன்னொன்று. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மைண்ட் மேப் நன்றாகவே உதவும். மூன்றாவதை அது தொடாது, அதற்கு வேறு வழி சொல்கிறேன்.

மனம் ஒரே சமயத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இல் அதை ஏழு என்று கணக்குச் சொன்னார், இரண்டு கூடலாம் குறையலாம். 2001இல் நெல்சன் கோவன் அதை மறுபடி ஆராய்ந்து, நான்கு வாக்கில்தான் இருக்கும் என்றார். உங்கள் தலைக்குள் இப்போது என்னவெல்லாம் ஓடும் என்று பாருங்கள்: பாலம், வயல், அப்பா, காமராஜர், பாலத்துக்குக் கீழே ஓடும் பறளியாறு, சுற்றுலாக் கூட்டம், நான்கு பக்கக் கணக்கு, கெடு தேதி, வாசகர் வட்டத்துப் பெரியவர்கள், இதற்கெல்லாம் மேலே முதல் வரி பிரமாதமாக அமைய வேண்டும் என்ற கவலை. இத்தனையையும் சுமந்துகொண்டு வாக்கியமும் யோசிக்க முடியாது. தாளில் இறக்கி வைத்துவிட்டால், அதை நினைவில் வைத்திருக்கும் வேலை மிச்சம். மைண்ட் மேப் செய்கிற முதல் உதவி இதுதான். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

மாயம் இருப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் டோனி பூசான் என்ற ஆங்கிலேயர். 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக இது பிரபலமானது. நடுவில் படம், வளைந்த கிளைகள், கிளைக்கு ஒரே சொல், நிறைய நிறம், தாளைக் குறுக்கே வைப்பது என்று அவருக்குச் சில விதிகள் இருந்தன. கூடவே இடது மூளை, வலது மூளை என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டது. உங்கள் பயிற்சி வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் கற்பனை என்று அப்படிக் கறாராகப் பாகம் பிரிப்பதை மூளை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஸ்கெட்ச் பேனாவின் நிறத்துக்கும் முதல் வரிக்கும் சம்பந்தம் கிடையாது. 2002இல் லண்டனில் மருத்துவ மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வு உண்டு. மைண்ட் மேப் போட்டுப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து விவரங்கள் சற்றுக் கூடுதலாக நினைவிருந்தன, ஆனால் அப்படிப் படிப்பதில் அவர்களுக்கு ஆர்வம் குறைவாக இருந்தது. அதுவும் மனப்பாடம் பற்றிய ஆய்வு, எழுதுவது பற்றி அல்ல. ஆகவே விதிகளை வழிபட வேண்டாம், பயன்படுவதை எடுத்துக்கொள்வோம்.

புதிதாக ஒன்று போடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், பென்சில் போதும். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் இதற்கு ரொம்பத் தோது, இடம் தாராளமாக இருக்கும், கிழித்துப் போடவும் மனம் வலிக்காது. செல்போனில் பத்து நிமிடம் அலாரம் வையுங்கள். அதுவரை கை நிற்கக் கூடாது, அழிக்கக் கூடாது, சந்திப்பிழை பார்க்கக் கூடாது. தமிழாசிரியைக்குக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம் என்று தெரியும்.

நடுவில் 'மாத்தூர் தொட்டிப்பாலம்' என்று எழுதாதீர்கள். அதை எழுதினாலே வரலாறு, அமைப்பு, பயன்கள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரிய ஆசைப்படும் ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள். 'அந்தத் தண்ணீர் எங்கள் வயலை என்ன செய்தது?' என்பது போல. கிளைகளில் தலைப்பு வரக் கூடாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையால் தொட்டது, ஆட்கள், பொருட்கள், இடங்கள், இவை மட்டும் வரட்டும். கிளைக்கு ஒரு சொல்தான் என்ற பூசான் விதியையும் நான் வற்புறுத்த மாட்டேன். 'தண்ணீர்' என்று மட்டும் எழுதினால் அடுத்த நாள் அது உங்களையே வெறித்துப் பார்க்கும். 'தண்ணீர் வந்த அன்றைக்கு அப்பா' என்று எழுதினால் அங்கிருந்து ஏதோ கிளம்பும்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து ஒரே ஒரு கிளையை நான் நீட்டிப் பார்க்கிறேன். அப்பாவின் வயல். அங்கிருந்து இரண்டு கிளை, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்கள். கன்னிப்பூவிலிருந்து ஜூன் மாத அணை திறப்பு. அதிலிருந்து, பட்டணங்கால் கால்வாயில் விட்ட தண்ணீர் உங்கள் மடைக்கு வந்துசேர எத்தனை நாள்? அதிலிருந்து கடைவரம்பு, அதாவது கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் பகுதி. கடைவரம்பிலிருந்து, மடை திறப்பதில் வந்த சண்டைகள், ராத்திரி மண்வெட்டியோடு காவல் இருந்தவர்கள். வயலுக்கே திரும்பி வந்து வேறு பக்கமாக ஒரு கோடு போடுகிறேன். 'வயல் இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது இல்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் என்ன நிற்கிறது? ரப்பரா, வாழையா, வீடா? மாறியது எந்த வருடம்? யார் முதலில் மாற்றினார்கள்? பக்கத்து வயல்காரரைப் பார்த்து மாற்றினீர்களா? நெல்லை விட்டபோது வீட்டில் பேச்சுவார்த்தை எப்படி இருந்தது? அம்மா என்ன சொன்னார்கள்?

இதற்கெல்லாம் பதில் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இந்தக் கிளையில் மட்டும் நான்கு பக்கத்துக்கு மேலேயே சரக்கு இருக்கிறது.

வரலாற்றை விட வேண்டாம். ஆனால் அதையும் துண்டுதுண்டாகத் தாளில் போட்டால் வேறு முகம் காட்டும். நீங்கள் எழுதியது 'காமராஜர்', '1966' இரண்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டது 1963 அக்டோபரில். 1966இல் முதலமைச்சர் பக்தவத்சலம். அப்படியானால் திட்டம் எப்போது கையெழுத்தானது, முதல் தூண் எப்போது எழும்பியது, முடியும் வரை யார் தூக்கிச் சுமந்தார்கள்? இன்னொரு தேதியையும் அங்கேயே எழுதுங்கள்: 1956 நவம்பர் 1. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். சேர்ந்து பத்து வருட வாக்கில் இப்படி ஒரு பாலம் வந்திருக்கிறது. அன்றைக்குக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் இருந்தவர்களுக்கு அது வெறும் தண்ணீர் விஷயமாக மட்டும் பட்டிருக்குமா? இப்படிக் கேட்க ஆரம்பித்தால் உங்கள் 'வரலாறு' கிளைக்கு உயிர் வரும்.

பதில் தெரியாத இடத்தில் எல்லாம் பெரிதாக ஒரு கேள்விக்குறி போடுங்கள். அலாரம் அடித்ததும் அந்தக் கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள். நிறைய இருந்தால் மூன்று வாரம் ஏன் நின்றீர்கள் என்பது விளங்கிவிடும். சரக்கு கைக்கு வரும் முன்னால் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை மேஜையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது, போய்க் கேட்கத்தான் வேண்டும். பாலம் கட்டும்போது மண் சுமந்த, கல் உடைத்த வாலிபர்கள் இருந்தால் இன்றைக்கு எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களிடம் முதலில் போங்கள், அலுவலகக் கோப்பு எங்கும் ஓடிவிடாது. கால்வாய் விவரங்களுக்கு நீர்வளத் துறை இருக்கிறது. கடைவரம்பின் இன்றைய கதை வேண்டுமென்றால் நாகர்கோவிலில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒருநாள் பின்வரிசையில் உட்காருங்கள். ஒரு தடவை பாலத்துக்கும் போய்வாருங்கள். சின்ன வயதிலிருந்து பார்ப்பதாலேயே சரியாகப் பார்த்திருக்க மாட்டோம். நடைபாதையில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள், கீழே இறங்கி ஆற்றங்கரையிலிருந்து தூண்களை அண்ணாந்து பாருங்கள், அங்கேயே நின்று நோட்டில் நாலு வரி குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆற்றுக்கு மேலே இன்னொரு தண்ணீர் போகிறது என்பதைக் கீழே நின்று பார்க்கும்போது வருகிற ஆச்சரியம், '115 அடி' என்று எழுதும்போது வராது.

அப்புறம் கோடுகள். இதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்வது குறைவு, எனக்கோ இதுதான் முழு வேலையிலும் சுவையான பகுதி. பூசானின் மேப்பில் கிளைகள் நடுவிலிருந்து வெளியே போகும், அவ்வளவுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவரும் அவர் குழுவினரும் 1970களில் வேறொரு வகை வரைபடம் உருவாக்கினார்கள். அதில் எந்த இரண்டு கருத்தையும் கோடு போட்டு இணைக்கலாம், ஆனால் இணைக்கும் கோட்டின் மேல் அந்த உறவு என்ன என்று எழுதியாக வேண்டும். இதை மட்டும் அவரிடமிருந்து கடன் வாங்குங்கள். தூரத் தூரமாகக் கிடக்கும் இரண்டு கிளைகளைச் சேர்த்துக் கோடு இழுத்து, கோட்டின் மேல் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். தொட்டிக்கும் வயலுக்கும் நடுவில் 'நனைத்தது'. வயலுக்கும் ரப்பருக்கும் நடுவில் 'வழிவிட்டது'. இப்போது ரப்பரையும் தொட்டியையும் இணைக்கப் பாருங்கள். என்ன வினை போடுவீர்கள்? நம் மாவட்டத்தில் ரப்பர் மழையை நம்பி நிற்கிற மரம், கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்ப்பதில்லை. 'கேட்கவில்லை' என்றுதான் போட வேண்டியிருக்கும். வினை விழுந்ததும் வாக்கியம் தயார்: 'அப்பாவின் வயலைத் தொட்டித் தண்ணீர் நனைத்தது, வயல் ரப்பருக்கு வழிவிட்டது, ரப்பர் அந்தத் தண்ணீரைக் கேட்கவில்லை.' உங்கள் வயல் ரப்பராகவில்லை என்றால் வினைகள் மாறும், முறை இதேதான். கட்டுரையின் முதுகெலும்பு இந்த மாதிரிக் குறுக்குக் கோடுகளில்தான் கிடைக்கும். கிளைகளில் தகவல் இருக்கும், சொல்ல வந்த சேதி இருக்காது.

மேப்போடு குடித்தனம் நடத்தாதீர்கள். அதில் எது முன்னே, எது பின்னே என்ற வரிசை கிடையாது, வாசிப்பவரோ ஒரு வரிக்குப் பிறகு அடுத்த வரி என்றுதான் வர முடியும். அதனால் சிவப்புப் பேனாவை எடுத்து, எழுதப்போகிற இடங்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். நான்கு பக்கத்துக்கு ஐந்தாறு எண் தாராளம். எண் விழாத கிளைகளை விட்டுவிடுங்கள். நன்றாக இருந்தும் எண் விழாத கிளை ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், அதை வைத்து அடுத்த வருட மலருக்கு எழுதிக்கொள்ளலாம். உயரமும் தூண் எண்ணிக்கையும் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தில் வந்தால் போதும். எழுதத் தொடங்குவது 1இலிருந்துதான் என்றில்லை, எந்த எண்ணுக்கு நாக்கு நுனியில் வார்த்தை நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பாதி நேரம் அது தேவைப்படாது என்று தெரியவரும்.

இரண்டாவது மேப், மூன்றாவது மேப் என்று போய்க்கொண்டே இருப்பவர்களும் உண்டு. எழுதாமல் தள்ளிப்போட அதைவிட மரியாதையான சாக்கு கிடையாது. மேப் போட்ட அன்றைக்கே ஒரு பத்தியாவது எழுதிவிட்டுத் தூங்குங்கள், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

இனி அந்த மூன்றாவது காரணம். ஊரில் தமிழ் டீச்சர் எழுதினால் எதிர்பார்ப்பு கூடுதலாக இருக்கும். வாசகர் வட்டத்தில் ஒற்றெழுத்தைத் தேடிப் பிடிக்கிற பெரியவர் ஒருவராவது இருப்பார். உங்கள் தயக்கம் இதுவாக இருந்தால் எந்த மேப்பும் உதவாது. ஆனால் நீங்கள் பேசிவிடலாம். வாட்ஸ்அப்பில் அக்காவுக்கோ தங்கைக்கோ ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்: "நம்ம வயலுக்கு அந்தக் காலத்துல தண்ணி எப்படி வரும், ஞாபகம் இருக்கா?" என்று தொடங்கி, உங்களுக்கு ஞாபகம் இருப்பதை ஐந்து நிமிடம் சொல்லுங்கள். பதிலும் வரும், அதில் உங்களுக்குத் தெரியாதது இரண்டு இருக்கும். பிறகு உங்கள் குரலையே கேட்டு எழுதுங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது உங்களுக்குக் கைவந்த கலை, அது இரண்டாவது வேலையாக இருக்கட்டும்.

மகள் சொன்னதில் தப்பில்லை. ஏஐ ஒரு நிமிடத்தில் மேப் போட்டுத் தரும். கேட்டுப் பாருங்கள், வரலாறு, அமைப்பு, பயன்கள், சுற்றுலா என்று நீங்கள் வரைந்ததைப் போலவேதான் வரும், நிறம் வேண்டுமானால் இன்னும் எடுப்பாக இருக்கும். அப்பாவின் வயல் அதற்குத் தெரியாது. உங்கள் மேப் முடிந்த பிறகு, 'இதில் நான் விட்டுவிட்டது என்ன?' என்று கேட்க அதைப் பயன்படுத்தலாம், தவறில்லை. அது சொல்கிற ஆண்டு, அளவு எதையும் சரிபார்க்காமல் மலரில் ஏற்றிவிடாதீர்கள்.

ஆப் இப்போதைக்கு வேண்டாம். நான்கு பக்கக் கட்டுரைக்குக் காலண்டர் தாள் போதும், செல்போன் திரையில் முழு மேப்பையும் ஒரே பார்வையில் பார்க்கவும் முடியாது. பின்னால் இதைப் புத்தகமாக்கும் எண்ணம் வந்தால் கணினியில் ஃப்ரீபிளேன் என்ற மைண்ட் மேப் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், தமிழில் தட்டச்சு செய்யலாம், கிளைகளை மடக்கி வைக்கலாம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தலாம். புத்தக அளவு வரும்போது நகர்த்தும் வசதி பெரிய உதவி.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், ஆனால் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு 'மேப் போடுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரை என்றால் நடுவில் 'எங்கள் வீட்டுக் கிணறு' என்று போடச் சொல்லுங்கள். கிணறு இல்லாத பிள்ளை 'தெருக் குழாய்' என்று போடட்டும். பத்து நிமிடம் மேப், ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் அதைக் காட்டிப் பேசுவது, மீதி நேரத்தில் ஒரே ஒரு கிளையை மட்டும் பத்தியாக எழுதுவது. ஒரு பீரியடுக்கு அதுவே அதிகம். படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் அடுத்த வாரமே எல்லோரும் ஸ்கெட்ச் பேனா கேட்டு வீட்டில் அழுவார்கள். சில பிள்ளைகளுக்கு இந்த வட்டமும் கிளையும் பிடிக்கவே பிடிக்காது, வரிசையாகப் பட்டியல் போட்டு யோசிப்பார்கள். அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள். பரீட்சையில் குறிப்புச்சட்டத்தை விடவும் சொல்ல வேண்டாம். மேப்பில் திரட்டியதை உட்தலைப்புகளுக்குக் கீழே எப்படிப் பிரித்துப் போடுவது என்று இரண்டு கட்டுரைக்குச் செய்து காட்டினால் பிறகு அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.